மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு

செடியிடம் சொல்லிக்கொண்டு கிளம்பிய எவரும் உலகத்தில் இதுவரை உருப்பட்டதாகச் சரித்திரம் இல்லை.

அவன் இதைப் பைக்கில் உட்கார்ந்தபடி அறிவித்தான். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து.

அவள் காதில் வாங்கவில்லை. கறிவேப்பிலைக் கன்றின் முன்னால் குந்தியிருந்தாள். கன்று முழங்கால் உயரம்கூட இல்லை. மொத்தம் ஒன்பது இணுக்கு.

"போயிட்டு வரேன்" என்றாள் அதனிடம்.

பிறகு நாயிடம் போனாள். அதனிடமும் அதே.

"திருச்சி வண்டி கறிவேப்பிலைக்கெல்லாம் நிக்காது."

"நிக்காட்டி அடுத்த வண்டி."

நாயின் பெயர் மேஸ்திரி. வீடு கட்டிய பதினோரு மாதமும் மணல் குவியலின் மேல் படுத்துக்கொண்டு, ஒரு வேலையும் செய்யாமல், எல்லாரையும் பார்த்துக்கொண்டே இருந்ததற்காகக் கொத்தனார்கள் வைத்த பெயர். கிரகப்பிரவேசத்துக்குக் கூட்டிவந்த பசு, வாசற்படியில் கால் வைக்க அரை மணி நேரம் யோசித்தது. மேஸ்திரி யோசிக்கவில்லை. ஏற்கெனவே உள்ளேதான் இருந்தான்.

மணல் தீர்ந்த இடத்தில்தான் அவள் கறிவேப்பிலை நட்டிருந்தாள்.

செங்கல்பட்டுக்கு வெளியே நூற்றிருபது மனை. அதில் இரண்டு வீடு. மிச்சமெல்லாம் மஞ்சள் பெயின்ட் அடித்த கல். நகருக்குப் பசுஞ்சோலை என்று பெயர்.

குடிவந்து இரண்டு மாதமாகியும் அவளுக்கு இது வீடாகவில்லை. கல்யாண மண்டபத்தில் ஒதுக்கிக் கொடுத்த ரூம் மாதிரி இருக்கிறது என்றாள். அவன் கதவுகளுக்கு எண்ணெய் போட்டுப் பார்த்தான். நிலைமை மாறவில்லை.

இப்போது உறையூரில் அம்மா வீட்டுக்குப் பத்து நாள்.

"அங்க போயி படுத்துப் பாக்குறேன், எந்த வீட்டு நெனப்பு வருதுன்னு. இது வரலைன்னா, இதை வாடகைக்கு விட்டுட்டுப் பழைய வீட்டுக்கே போயிரலாம்."

இவ்வளவு பெரிய தீர்ப்பைப் பையில் தண்ணீர் பாட்டிலைத் திணித்துக்கொண்டே சொன்னாள்.

பின் சீட்டில் ஏறியதும் மூன்று உத்தரவு. கன்றுக்குப் புளித்த மோர். மேஸ்திரிக்குச் சோறு. ஆபீஸுக்குக் கிளம்பும்போது இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டுப் போவது.

முதல் இரண்டும் நிர்வாகம். மூன்றாவது மூடநம்பிக்கை. அவன் இரண்டை மட்டும் ஏற்றுக்கொண்டான்.

முதல் நாள் சொல்லாமல் போனான்.

சாயங்காலம் வந்தபோது கன்று படுத்திருந்தது. அது இருந்த குழியில் மேஸ்திரி படுத்திருந்தான்.

ஈரமண் நாய்க்குக் குளிர்ச்சி. இது அறிவியல். மறுபடி நட்டான்.

இரண்டாம் நாளும் அறிவியல். ஏழு இணுக்கு.

மூன்றாம் நாள் கன்றைச் சுற்றிச் செங்கல் அடுக்கிவிட்டுப் போனான். மேஸ்திரி செங்கல்லோடு வளர்ந்தவன். ஐந்து இணுக்கு.

அன்றைக்கு அவள் போன் செய்தாள். மேஸ்திரி சாப்பிட்டானா என்று கேட்டாள். இவன் சாப்பிட்டானா என்று கேட்கவில்லை.

"கறிவேப்பிலை?"

"தளதளன்னு இருக்கு."

"ஒரு போட்டோ அனுப்புங்க."

"இங்க டவர் இல்ல."

டவர் ஏழாம் நம்பர் மனையில் நின்றது. ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

போனை வைத்துவிட்டுக் கன்றை நிமிர்த்தி நட்டான். வேரைச் சுற்றி மண்ணை அழுத்தினான். ஒரு டம்ளர் மோர் என்று சொல்லியிருந்தாள். இரண்டு ஊற்றினான். தனக்குச் சோறு பிசைந்துகொள்ள மோர் மீதமில்லை.

நான்காம் நாள் காலை பைக்கை ஸ்டார்ட் செய்தான். கேட் வரைக்கும் போனான்.

நிறுத்தினான்.

இன்னொரு வீட்டைப் பார்த்தான். பூட்டியிருந்தது. கரன்ட் கம்பத்தைப் பார்த்தான். யாரும் ஏறியிருக்கவில்லை.

ஹெல்மெட் கண்ணாடியை நன்றாக இறக்கிவிட்டுக்கொண்டு, வண்டியிலிருந்து இறங்கினான்.

சாயங்காலம் கன்று நின்றுகொண்டிருந்தது. ஐந்து இணுக்கும் அப்படியே. மேஸ்திரி இரண்டு முழம் தள்ளி, சிமென்ட் தரையில் படுத்திருந்தான்.

இது எதையும் நிரூபிக்காது என்று மேஸ்திரியிடம் சொன்னான்.

இருட்டும் முன்பே போன் வந்தது.

"நாளைக்கு வரேன்."

"பத்து நாள்னியே."

"இங்க எதிர்வீட்டுல ஒரு நாய் இருக்குங்க. சொல்லிட்டுப் போனாலும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது. மனுசி இருப்பாளா இந்த ஊர்ல?"

சிரிப்பது போனில் தெரியாது என்று நம்பினான்.

மறுநாள் லீவு போட்டான். வண்டி பன்னிரண்டே காலுக்கு. பன்னிரண்டு இருபதுக்குப் போன் அடித்தது.

"ஸ்டேஷன்ல நிக்கிறேன். எங்க இருக்கீங்க?"

"சிக்னல்ல மாட்டிக்கிட்டேன்."

பசுஞ்சோலையில் சிக்னல் கிடையாது. ரோடே இன்னும் போடவில்லை.

போனைச் சட்டைப்பையில் போட்டான். ஹெல்மெட்டைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தான். கன்றின் முன்னால் குந்தினான்.

"போயி அவளைக் கூட்டிட்டு வரேன்."

மேஸ்திரியிடமும் அதே.