பெரிய தொட்டில்

மலையில் பகல் முழுக்க நடந்தும் ஹேமக் எனும் தொங்குபடுக்கையைக் கட்டிப் படுக்கத் தோதான இரண்டு மரங்கள் நீலமேகத்துக்குச் சிக்கவில்லை. ஒன்று பட்டுப்போயிருக்கும், இல்லையென்றால் இரண்டுக்கும் நடுவே ஓர் ஊரே குடியிருக்கலாம். இருட்டும் நேரத்தில் அகப்பட்ட இரண்டில் ஒன்று, பிள்ளை வரம் கேட்டு மஞ்சள் துணித் தொட்டில்கள் கட்டிய மரம். ஒவ்வொரு தொட்டிலிலும் ஒரு கூழாங்கல் படுத்திருந்தது. அவற்றைச் சற்று ஒதுக்கிவிட்டுத் தன் கயிற்றைக் கட்டினான். ஏறிப் படுத்து, கொசுவலையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

விடியலில் ஹேமக் ஆடியது. காற்றில்லை. இமையிடுக்கில் பார்த்தான். வலைக்கு வெளியே தலை நரைத்த ஒரு பெண் கயிற்றைப் பிடித்து மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் கணவர், செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

“நாம கட்டுன மரந்தாங்க இது,” என்றாள் அவள்.

“மெதுவாப் பேசு. முழிச்சிரப் போவுது.”

“தாடியெல்லாம் வந்துருச்சே.”

“நாமதான வந்து பாக்காமலே விட்டுட்டோம்.”

நீலமேகம் பேச வாயெடுத்தான். அதற்குள் அவள் வலைமேல் உள்ளங்கையை வைத்து, அவன் மார்பு ஏறி இறங்குவதைத் தொட்டுப் பார்த்தாள். கையை எடுக்கவேயில்லை.

கணவர் கால்மாட்டு முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். “வீட்ல உத்தரத்துல கட்டிக்கலாம். தலப்பக்கம் நீ புடி.”

“கனமா இருக்குமேங்க.”

நீலமேகம் கண்களை இறுக்க மூடிக்கொண்டு, நீட்டியிருந்த கால்களை மெல்ல வயிற்றோடு மடக்கினான்.