தலைக்குத் தலை

மாரூன் எதிரித் தளபதியோடு தொலைபேசியில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான்.

"என்ன அபு வஜீஹ், நேத்து நாங்க போட்ட குண்டுல நீ போய்ச் சேர்ந்துட்டேன்னுல்ல நினைச்சேன்! பொண்ணுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?"

உள்நாட்டுப் போர் நடந்த பெய்ரூத்தில் அப்போது தண்ணீர் இல்லை, மின்சாரம் இல்லை. ஊரைக் கிழக்கே கிறிஸ்தவர், மேற்கே முஸ்லிம்கள் என்று இரண்டாக வெட்டிய எல்லைக்கோட்டைத் தாண்டித் தொலைபேசி மட்டும் ஒழுங்காக வேலை செய்தது. இரண்டு பக்கத்துத் துப்பாக்கிக்காரர்களுக்கும் அது தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

எதிரே நாற்காலி நுனியில் நுஹாத் உட்கார்ந்திருந்தாள். அவள் கணவன் தானியோஸை மேற்குப் பக்கத்தார் காலையில் பிடித்துப் போயிருந்தார்கள். மாவு வாங்கப் போன மனிதன். அடையாள அட்டையில் கிறிஸ்தவன் என்று இருந்தது. வேறு குற்றம் வேண்டுமா? பொழுது சாய்ந்தால் கொன்றுவிடுவார்கள்.

மாரூன் ரிசீவரைக் கையால் பொத்தினான். "உசுரோடதான் இருக்காராம்க்கா. தலைக்குத் தலை கேக்குறான். நம்மகிட்ட அவங்க ஆளு யாரும் இல்ல. நேத்துப் புடிச்சவங்களை நேத்தே தீர்த்துட்டோம். பரவால்ல, பசங்க போய் ரோட்டுல ஒரு முஸ்லிமைப் புடிச்சிட்டு வந்துருவாங்க."

"யாரை?"

"எவன் மாட்டுறானோ அவனை."

கீழே ஜீப் கிளம்பியது. மாதாவே, யாராவது சீக்கிரம் கிடைக்கட்டும் என்றுதான் நுஹாத் வேண்டிக்கொண்டாள்.

மறுமுனையில் ஏதோ கூச்சல். மாரூன் முகத்தைச் சுளித்துக்கொண்டு ரிசீவரை நீட்டினான். "அங்க ஒரு பொம்பள உங்ககிட்டப் பேசியே ஆகணும்னு அடம் புடிக்குது."

"அக்கா, என்னை மன்னிச்சிருங்க." அழுதழுது கம்மிப்போன இளம் குரல். "என் வீட்டுக்காரர் அத்னானை நேத்து உங்க ஆளுங்க புடிச்சிட்டாங்க. மாத்தி விட ஒரு ஆள் வேணும்னு இங்க சொன்னாங்க. நான்தான் கால்ல விழுந்து, யாரையாவது புடிங்கன்னு கெஞ்சினேன்."

நுஹாத் சபிக்க வாயெடுத்தாள். முடியவில்லை.

"அவரைத்தானே அனுப்புறீங்க? அங்கதானே இருக்காரு?"

மாரூன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். உண்மையைச் சொன்னால் தானியோஸின் கதை அங்கேயே முடிந்துவிடும்.

"இருக்கார்மா," என்றாள் நுஹாத்.

"சாப்பிட்டாரா?"

"இப்பதான் சாப்பிட்டார்."