குழம்பு மட்டும் போதும்

"குழம்பு மட்டும் போதும்ணே" என்று அந்தப் பெண் இன்றைக்கும் சொன்னதும் ஹைதருக்குப் பொறுக்கவில்லை. பினாங்கில், அதுவும் விதவிதமான கறிகளோடு சோறு போடும் அவருடைய நாசி கண்டார் கடைக்கு வந்து, வெறுஞ்சோறு தின்பதா? பொரித்த கோழி ஒன்றைத் தட்டில் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"சாப்புடும்மா, காசு வேணாம். ஊரு எது?"

"தூத்துக்குடிண்ணே. வந்து மூணு மாசமாச்சு."

"ஃபேக்டரியிலயா வேல?"

"இல்லண்ணே, ஆபீஸ்ல."

"சம்பளம் ஒழுங்கா தர்றானுங்களா?"

"சம்பளம் கிடையாது. நல்ல அனுபவம் கிடைக்கும்னாங்க."

"அனுபவத்தச் சோத்துல பெசஞ்சு திங்க முடியுமா லா? லீவாச்சும் உண்டா?"

"ஞாயித்துக்கிழமையும் போன் வந்தா எடுக்கணும்."

"பாஸ்போர்ட்டு?"

"விசாவுக்குன்னு ஆபீஸ்ல வாங்கி வச்சிருக்காங்க."

ஹைதருக்கு ரத்தம் கொதித்தது. படித்த பிள்ளையை இப்படியா கொத்தடிமையாக வைத்திருப்பார்கள்! கடைத் தூணில் யாரோ ஒட்டிவிட்டுப் போன நோட்டீஸ் கண்ணில் பட்டது: 'வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு அநியாயமா? தமிழில் பேச இந்த எண்ணை அழையுங்கள்.'

எழுந்து போய் அந்த எண்ணை அழுத்தினார்.

மேசையில் அந்தப் பெண்ணின் கைப்பேசி ஒலித்தது. கடித்த கோழியைத் தட்டில் போட்டுவிட்டு இடக்கையால் எடுத்தாள்.

"வணக்கம், புலம்பெயர்ந்தோர் உரிமை மையம். பயிற்சி மாணவி ரெனிட்டா பேசுறேன். பயப்படாம சொல்லுங்க, பாதிக்கப்பட்டவங்க இப்ப எங்க இருக்காங்க?"

அதே குரல் ஹைதரின் காதுக்குள்ளும் கேட்டது. மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார்.

"என் கடையிலதாம்மா. கோழி தின்னுக்கிட்டு இருக்கு."