கம்பெனிப் பல்செட்

சர்க்கரை நோயில் ஈறு புண்ணாகிப் பல் கொட்டிப்போன தையல் பெண்களுக்கெல்லாம் பனியன் கம்பெனியே பல்செட் மாட்டிவிட்டிருந்தது. உடம்பில் சர்க்கரை ஏறினால் அது தானாக இறுகி வாயைப் பூட்டிவிடும்.

கோபத்திலும் சர்க்கரை ஏறும் என்பது சுகந்தாமணிக்கு மேனேஜர் அறையில்தான் தெரிந்தது. மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் கேட்டுக் குரலை உயர்த்தியதுமே பல் கிட்டிக்கொண்டது.

“வேற ஏதாச்சும் சொல்லோணுமா?” என்று மேனேஜர் சிரித்தார்.

சுகந்தாமணி வாய்க்குள் விரலை நுழைத்துப் பல்செட்டைப் பெயர்த்தெடுத்து, ரத்தத்தோடு அவர் மேசைமேல் வைத்தாள்.

“பல்லு உங்களுது, நீங்களே வெச்சுக்குங்க. ஈறு என்னுது. நேரத்துக்குத் திங்க உட்டிருந்தா அதும் புண்ணாயிருக்காது.”

பேச்சு குழறியது, ஆனால் நிற்கவில்லை.

அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் தையல் மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. பெண்கள் வாய்க்குள் விரலை விட்டார்கள்.