கட்டிலுக்கடியில் போன புத்தகங்கள்

மாமியார் தன் மகளுக்குப் போன் போட்டபோது வெளியே மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. மருமகள் உள்ளறையில் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள்.

"லீவு போட்டாலும் போட்டா, கட்டிலை விட்டு இறங்க மாட்டேங்கிறா. தலைமாட்டுல காபி, பக்கத்துல பிஸ்கட். கையில என்னன்னு கேளு. போர்ல சோறு தண்ணி இல்லாம கிடந்து பிழைச்சவங்க எழுதின புத்தகம்."

மகள் சிரித்தாள்.

"சிரிக்காதடி. பழைய புத்தகக் கடையில மூட்டையா வாங்கிட்டு வந்தா. அதையாவது ஒழுங்கா படிக்கிறாளா? எடுத்ததும் கடைசிப் பக்கம். பிடிக்கலைன்னா கட்டிலுக்கு அடியில தள்ளிடறா. பெருக்கப் போனா துடைப்பம் நுழைய மாட்டேங்குது."

கதகதப்பாகப் படுத்துக்கொண்டு அடுத்தவர் பட்ட பாட்டைப் படிப்பது என்ன ரசனையோ, மாமியாருக்குப் பிடிபடவில்லை. அதைவிட உறுத்தியது வேறொன்று. மாடியில் குடியிருக்கும் தையல்காரி நிஜமாகவே போரிலிருந்து தப்பி வந்தவள். ஓடி வந்த கூட்டத்தில் தம்பி பிரிந்துவிட்டான். இருக்கிறானா இல்லையா, இன்றுவரை தகவல் இல்லை. அவளுக்கும் இதே புத்தகங்களைத்தான் கொடுத்தனுப்புகிறாள் மருமகள்.

"ஆறாத புண்ணைக் கிளறிவிடற வேலை இது. இவளுக்கு எங்க புரியப் போகுது?"

கதவு தட்டும் சத்தம் கேட்டது. அப்புறம் பேசுவதாகச் சொல்லி மாமியார் போனை வைத்தாள்.

தையல்காரிதான். தைத்து முடித்த தலையணை உறைகளைக் கொடுத்துவிட்டுத் தயங்கி நின்றாள். போன புத்தகம் முடிந்துவிட்டதாம். படித்தால்தான் கொஞ்சமாவது தூக்கம் வருகிறதாம். வேறு ஏதாவது இருந்தால் போதும் என்றாள்.

மாமியார் உள்ளே போய்க் கட்டிலுக்கடியில் குனிந்து, இருப்பதிலேயே தடிமனானதை இழுத்தாள். தூசி தட்டிக்கொண்டு வந்து நீட்டினாள்.

"இதைக் கொண்டு போம்மா. இவ இனிமே தொடக்கூட மாட்டா."

உள்ளே போர்வை எகிறி விழுந்தது. மருமகள் வெறுங்காலோடு ஓடி வந்து அந்தப் புத்தகத்தைத் தையல்காரியின் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"இது வேண்டாம்க்கா. இதை எடுத்துக்குங்க."

அவள் கொடுத்தது, அதுவரை தான் படித்துக்கொண்டிருந்ததை. பாதியில் அடையாளத்துக்கு வைத்த காகிதம்கூட அதிலேயே போனது.

தையல்காரி படியேறும் சத்தம் ஓயும்வரை மாமியார் பொறுத்திருந்தாள்.

"வேண்டாம்னு தள்ளிவிட்ட புத்தகம். அதைக் கொடுக்கக்கூட உனக்கு மனசு வரலை. அவ முன்னாடி என் மூக்கை உடைச்சுட்டியே."

மருமகள் உள்ளறைக்குப் போய்க் குனிந்து, அந்தப் புத்தகத்தைக் கட்டிலுக்கடியில் முன்னைவிட உள்ளே தள்ளினாள்.

"அடியில கிடக்கிற எதுலயும் காணாமப் போனவங்க கடைசிவரைக்கும் திரும்பி வரலை, அத்தை."