வெறும் தண்ணீர்

கோபன்ஹேகனில் எங்கள் ஆய்வுக்கூடத்தில், பழங்கால எலும்புகளோடு ஒரு குழாய் வெறும் தண்ணீரையும் சோதிப்போம். அதில் ஒன்றும் இருக்கக்கூடாது. இந்த முறை ஒரு பெண்ணின் மரபணு இருந்தது.

சுத்த அறைக்குள் நின்றபடி எஸ்பென், எங்களில் யாருடையதாவது கலந்துவிட்டதோ என்று அதை ஊழியர்களின் மரபணுக்களோடு ஒப்பிட்டான்.

"டிட்டே, இவளுக்கு அம்மா நீதான். அப்பா, நாம எலும்பைத் துளைபோட்ட நாலாயிரம் வருஷத்து ஆளு. மாப்பிள்ளைக்கு வயசு கொஞ்சம் அதிகம்."

"எனக்குப் பிள்ளையே கிடையாது. வா, கிளம்பலாம்" என்றேன்.

அறைக்கு இரண்டு கதவுகள், நடுவே சிறு இடைவழி; வெளிக்கதவு மூடியிருந்தால்தான் உள்கதவு திறக்கும். நான் இழுத்துப் பார்த்தேன், திறக்கவில்லை. வெளிக்கதவு திறந்திருப்பதாகச் சிவப்பு விளக்கு எரிந்தது.

"யாரு அங்க?" என்றான் எஸ்பென். ஞாயிற்றுக்கிழமை. ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தது நாங்கள் இருவர்தான்.

உள்கதவுக் கண்ணாடியின் அந்தப் பக்கத்தில், என் இடுப்புயரத்தில், மூச்சின் ஆவி படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது.