மிஞ்சிய ஒரு வரி

சுருக்கமாக எழுதும் பயிற்சியை மூன்று நாளில் முடித்துத் திரும்பியிருந்தார் மேனேஜர். கையில் சிவப்புப் பேனா. உதவியாளர் ஒரு பக்கக் கடிதத்தை நீட்டினாள்.

"அஞ்சு மணிக்குள்ள கையெழுத்து வேணும் சார். இல்லேன்னா எனக்கு வந்த வாய்ப்பு போயிடும். போன மூணு தடவையும் நீளம்னு படிக்காமலே திருப்பிட்டீங்க."

"இது கடிதமாம்மா, ரயில் வண்டியா? நன்றி எதுக்கு? வெட்டு. காரணம் யார் கேட்டா? வெட்டு. வருத்தம் வேறயா? அதையும் வெட்டு!"

கடைசியில் ஒரே வரி மிஞ்சியது. சொற்களை எண்ணினார். நான்கு. பூரித்துப்போய், 'சம்மதம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"கண்ணாடி மாதிரி இருக்கு பாரு! இதை மாதிரிக் கடிதம்னு எல்லாக் கிளைக்கும் அனுப்பு."

"அதை இனி வேற யாராவதுதான் அனுப்பணும் சார்."

அப்போதுதான் அந்த வரியைப் படித்தார்: 'இன்றோடு நான் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்.'

"ஐயையோ! என் கடிதமெல்லாம் இத்தனை வருஷமா நீதானே எழுதினே? இனி யாரும்மா எழுதுவா?"

கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு வரிதானே சார், நீங்களே எழுதிடலாம்."